தள்ள மறந்த வரி

கினிகத்தேனையில் மண் சரிந்து
மேளக்காரர்களின் வேன் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
இரவு பதினொரு மணிக்குப் போன்.
"கம்ப்யூட்டர் படிக்கிற புள்ள தானே,
ஏதாவது செய்யேன்" என்றார்
கொட்டகலை மண்டபத்து முதலாளி.

டெஸ்க்டொப் இருப்பது ஆம்ப் அறையில்.
ஆம்ப் அறை இருப்பது மேடைக்குப் பின்னால், கழிவறைக்குப் பக்கத்தில்.
அங்கே உட்கார்ந்தால் மணவறை தெரியாது.
மணவறை முன்னால் உட்கார்ந்தால் பிளேயர் எட்டாது.
நடுவில் முப்பது மீட்டர் வயரும்
ஜாவாவில் நான் எழுதிய அறுபது வரியும்.

அந்தப் பிளேயருக்குக் கதவு ஒன்று உண்டு,
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் இலக்கம்.
தட்டி, கடவுச்சொல் சொல்லி,
ஒரு வரி எழுதினால் போதும்:
இதை வரிசையில் சேர். சத்தத்தைக் கூட்டு. நிறுத்து.
ஒரு வரிக்கு ஒரு வேலை.
ஏன் என்று கேட்காது.
எங்கள் டிவிஷன் கங்காணிக்குக்கூட
இப்படி ஒரு கூட்டம் கிடைத்ததில்லை.

விடிய மூன்று மணிவரை வீட்டில் சோதித்தேன்.
திற, எழுது, மூடு: மேளம்.
திற, எழுது, மூடு: மேளம்.
அடுத்த காம்பராவில் ரெஜினா அக்கா சுவரைக் குத்தினாள்.
நாலாவது தரம்
அவளுடைய பிள்ளையும் எழுந்து குத்தியது.

ஒன்பது முப்பத்தாறு.
பிரியலதா தலை குனிந்திருக்கிறாள்.
டிலுக்சன் முடிச்சைப் பிடித்திருக்கிறான்.
குருக்கள் என்னைப் பார்த்து விரலைத் தூக்கினார்.

அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.

அழுத்தினேன். அழுத்தினேன்.
திரையில் "அனுப்பியாயிற்று" என்று பச்சை எழுத்து.
அனுப்பியாயிற்று. அனுப்பியாயிற்று.
குருக்களின் விரல் அப்படியே நிற்கிறது.
அட்சதை பிடித்த இருநூறு கை அப்படியே நிற்கிறது.
எங்கோ யாரோ தும்முவதை அடக்கினார்கள்.

அப்போது சமையல்கட்டிலிருந்து
புண்ணியமூர்த்தி அண்ணன் ஓடிவந்தார்,
ரசச் சட்டியோடு.
ரசம் ஊற்றிய பிறகா ஊற்றும் முன்னா என்று
இன்றைக்கும் கொட்டகலையில் வழக்கு நடக்கிறது.
அகப்பையால் சட்டியில் வெளுத்து வாங்கினார்.
மூன்று முடிச்சும் விழுந்தது.
வீடியோவில் அந்த இடத்தில்
வேறு மேளம் ஒட்டிவிடுவார்களாம்.
ஒட்டட்டும்.

எல்லோரும் பந்திக்குப் போன பின்
நாற்காலி மடிக்கிற சத்தத்துக்குள்
வரி வரியாகப் படித்தேன்.
எங்கேயும் பிழையில்லை.
இல்லாத ஒரு வரிதான் பிழை:
எழுதியதை வெளியே தள்ளு என்கிற வரி.
நான் எழுதிய சொல் போகவில்லை.
தொண்டைமாதிரி ஒரு இடம் இருக்கிறது அதற்குள்,
நிறையும்வரை அங்கேயே வைத்திருக்கும்.
மூடும்போது மட்டும் தானாகத் தள்ளும்.
வீட்டில் நான் ஒவ்வொரு தரமும் மூடினேன்.
இங்கே மூடவில்லை.
கல்யாணம் முடியாமல் யார் மூடுவார்கள்?

முதலாளி வந்தார்.
பேசியது மூவாயிரம்.
கையில் வைத்தது ஆயிரத்து ஐந்நூறு.
"சட்டி அடிச்சவனுக்கும் குடுக்கணும்ல."
ராத்திரி முழுக்க முழித்தது,
வயர் என் காசில் வாங்கியது,
போன மாதம் பிறந்தநாள் வீட்டுக்கு இன்னும் தராதது,
எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக
வாய்வரை வந்து வரிசையில் நின்றன.
"சரி சேர்" என்றேன்.

அவர் போனார்.
லெப்டொப்பில் புரோகிராமை மூடினேன்.

மூடியதும்
ஆம்ப் அறையிலிருந்து எழுந்தது கெட்டிமேளம்,
முழுச் சத்தத்தில்.
முடிந்தது. மறுபடி எழுந்தது.
எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.
அத்தனை தரம் அழுத்தியிருக்கிறேன்.
மடித்த நாற்காலிகளுக்கும்
வாடின வாழைமரங்களுக்கும்
கண்ணாடிக்கு வெளியே ஏறிவந்த பனிக்கும்
தாலி கட்டிக்கொண்டே இருந்தது யந்திரம்.

வாசலில் தூங்கிய வாட்சர் சந்தனம்
துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்து கேட்டார்:
"இன்னும் யாருக்கு, புள்ள?"

ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
ஆறாவது முடிந்து ஏழாவது தொடங்கும்போது
கையிலிருந்த காசை இன்னொரு தரம் எண்ணிக்கொண்டு
முதலாளியின் அறைப்பக்கம் நடந்தேன்.
மேளச் சத்தத்தில்
கொஞ்சம் உரக்கத்தான் பேசவேண்டியிருக்கும்.